தோற்பதற்கு ஒரு பிள்ளை

கொக்குத்துறை வித்தியாலயத்தின் தரம் பத்து மாணவர்கள் தங்கள் பிரதமரைத் தெரிவு செய்தபோது, குடியியற் கல்வி ஆசிரியர் சுதாகரன் மேசை இலாச்சிக்குள் ஒரு சோக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். சோக்கட்டி அகப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நாடு தன் தலைவியை அடைந்திருந்தது.

"கஜானியப் போட்டாச்சு, சேர்," என்றான் முன்வாங்கில் இருந்த சிவதர்ஷன்.

"எப்பிடிப் போட்டீங்க?"

"கதைச்சம்."

"ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லல்லையா?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கேள்வி விளங்காத முகங்கள். "கஜானிய ஆர் சேர் வேண்டாமெண்டு சொல்றது?" என்றாள் பின்னால் ஒருத்தி.

அது உண்மைதான். வெயில் காலத்தில் தண்ணீர் பவுசர் லொறி வந்தால், குடங்களோடு முட்டிமோதும் சனத்தை வரிசையில் நிறுத்துவது கஜானிதான். அவள் சத்தம் போடுவதில்லை. "நீங்க இவக்குப் பின்னால" என்பாள், பெரியவர்களும் போய் நிற்பார்கள். வாவிக்கு மேற்கே கிடக்கும் அந்த ஊரில் தலைமை என்பது அப்படித்தான் வந்து சேரும். வயல் வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையைக்கூட வரம்பில் குந்தியிருந்து, வெற்றிலை முடியும்வரை கதைத்துத்தான் போடுவார்கள். யாருக்கும் மறுப்பில்லை என்றானதும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ஒருவருக்கு எதிராக இன்னொருவர் நிற்பதற்கு அங்கே ஒரே பொருள்தான் உண்டு: இனி அந்த வீட்டுச் சாவுக்கும் போவதில்லை.

சுதாகரனுக்குப் பெருமையாக இருந்தது. மாணவர் பாராளுமன்றத்தின் பிரதமர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார் என்று வலயக் கல்விப் பணிமனைக்கு அறிக்கை அனுப்பினார். அந்த அறிக்கையை அனுப்பாமல் விட்டிருக்கலாம் என்று பிற்பாடு அவர் பல தடவை நினைத்திருக்கிறார். ஆனால் அறிக்கை அனுப்பாத ஆசிரியரை வலயம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த வாரமே உதவிக் கல்விப் பணிப்பாளர் பேரின்பராசா வந்தார். குடியியலுக்குப் பொறுப்பானவர். வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். அந்தப் பாதையில் அவருடைய வெள்ளை வாகனம் தனியாக வந்து இறங்கியது. மற்றவர்கள் அடுத்த தடவைக்குக் காத்திருந்தார்கள். மாலை போடப்பட்டது. மூன்று புல்லாங்குழலும் ஒரு மேளமும் கொண்ட பாடசாலை வாத்தியக் குழு வரவேற்பு இசையை ஏறக்குறைய வாசித்தது.

"ஏகமனது என்றால் என்ன, சுதாகரன்?" என்று ஆரம்பித்தார் பேரின்பராசா. ஆசிரியர் அறையில் நான்கு பேர் இருந்தாலும் அவர் நாலாயிரம் பேருக்குத்தான் பேசுவார். "அது சர்வாதிகாரத்தின் செல்லப் பெயர். வென்றவரை யாரும் உற்பத்தி செய்யலாம். நான் இவ்வளவு தூரம் தண்ணீரைக் கடந்து வந்தது தோற்றவரைப் பார்க்க. உங்கள் அறிக்கையில் தோற்றவர் எங்கே?"

"ஒருத்தரும் தோக்கல்ல, சேர்."

"அதைத்தான் குறைபாடு என்கிறேன். எதிர்ப்பு இல்லாத இடத்தில் ஜனநாயகம் இல்லை. என்னுடைய சேவைக்காலம் முழுவதிலும் நான் எந்த மேலதிகாரியையும் எதிர்த்ததில்லை. அதனால் எதிர்ப்பின் அருமை எனக்குத் தெரியும்." அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "இரண்டு வேட்பாளர்கள் வேண்டும். கைகுலுக்கும் படம் ஒன்று வேண்டும். தோற்றவரின் முகத்தில் அளவான கவலை தெரிய வேண்டும். அழக்கூடாது. அழுதால் அது சிறுவர் உரிமைப் பிரச்சினையாகி வேறு பிரிவுக்குப் போய்விடும்."

அவர் போனபின் பாடசாலை அதிபர் அழகரத்தினம் சுதாகரனை ஓரமாக அழைத்தார். விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் கூரை கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர் அவர்.

"தம்பி, ஒரு பிள்ளையத் தோக்க வைக்கிறது பெரிய வேலையா? கணித பாடத்தில வருசா வருசம் வைக்கிறம்தானே."

பெரிய வேலையாகத்தான் இருந்தது. கஜானிக்கு எதிராக நிற்க வகுப்பில் எவரும் முன்வரவில்லை. இது சும்மா பழக்கத்துக்கு என்று சுதாகரன் விளக்கினார். எதிர்த்து நிற்பது பகை அல்ல, பாடத்திட்டம் என்றார். கரும்பலகையில் அம்புக்குறி போட்டும் காட்டினார். கடைசியில் சிவதர்ஷனிடம் கெஞ்சினார்.

"வெல்லுறதெண்டா நிக்கிறன் சேர்," என்றான் அவன். "தோக்கிறதெண்டா ஏலாது. கஜானிக்கு எதிரா நிண்டதுக்கு அம்மாட்ட அடி. நிண்டும் தோத்ததுக்கு அப்பாட்ட அடி."

வகுப்பு சிரித்து அடங்கியது. கஜானி எழுந்து நின்றாள்.

"தோக்கிற ஆள் வராட்டி என்ன நடக்கும், சேர்?"

"பாடசாலையப் பத்திக் கூடாத அறிக்கை போகும், பிள்ள. கூரையும் வராது."

கஜானி வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நான் தோக்கிறன். சிவதர்ஷன் வெல்லட்டும். எல்லாரும் அவனுக்கே போடுங்க." பிறகு அவன் பக்கம் திரும்பி, "நான்தான் நிக்கச் சொன்னனெண்டு உங்கட வீட்ட வந்து சொல்றன். ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க," என்றாள்.

வகுப்பு விரும்பிய ஒரே தலைவி, தன்னைத் தோற்கடிக்கும்படி வகுப்புக்கு உத்தரவிட்டாள். வகுப்பும் தலைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. வேண்டாம் பிள்ள என்று சொல்லச் சுதாகரனுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் நீளமாக ஒரு மூச்சுவிட்டார். நிம்மதி மூச்சு. பின்னாளில் அந்த மூச்சைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

தேர்தல் நாளில் பேரின்பராசா மறுபடியும் வந்தார். பிஸ்கற் பெட்டியில் துளை போட்டு வாக்குப்பெட்டி செய்திருந்தார்கள். வாக்குகள் எண்ணப்பட்டன. எல்லாம் சிவதர்ஷனுக்கு. கஜானிக்கு ஒன்றுமில்லை, அவளுடைய சொந்த வாக்கும் அவனுக்கே விழுந்திருந்தது.

பணிப்பாளரின் முகம் இருண்டது. "பூச்சியம் என்பது தோல்வியா, சுதாகரன்? அது அவமானம். எனக்கு வேண்டியது கௌரவமான தோல்வி. வாக்கெடுப்பை மறுபடியும் நடத்துங்கள். இடப்பக்க வாங்குகளில் இருப்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு இரகசியமாக வாக்களிக்கட்டும்."

மறுபடியும் நடந்தது. கஜானி மிகப் பெரும்பான்மையால் வென்றுவிட்டாள்.

"வலப்பக்கத்து ஆக்கள் ஏன் அவக்குப் போட்டீங்க?" என்று சுதாகரன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சேர்ட இடப்பக்கமா எங்கட இடப்பக்கமா எண்டு சொல்லல்லையே," என்றான் ஒருவன். அவன் முகம் மிகவும் சாதுவாக இருந்தது. வாங்குகளுக்குக் கீழே கால்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.

பணிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அதிபர் கூரையில்லாத ஆய்வுகூடத்தை யன்னலால் பார்த்தார். அப்போதும் கஜானிதான் எழுந்தாள். "விளையாட்டு இவ்வளவு காணும். சொன்ன மாதிரிப் போடுங்க," என்றாள். மூன்றாவது தடவை வாக்குகள் கௌரவமாகப் பிரிந்தன.

"ஒரே காலையில் மூன்று தடவை மக்கள் தீர்ப்பளித்த பாடசாலை இது," என்று பேரின்பராசா ஒலிவாங்கியில் முழங்கினார். "மற்ற நாடுகள் ஐந்து வருடம் காத்திருக்கின்றன. நாங்கள் சரியான முடிவு வரும்வரை காத்திருந்தோம்."

பிறகு தோற்றவர் பேச வேண்டும் என்றார்கள். அது நிகழ்ச்சிநிரலில் இருந்தது. கஜானியிடம் சொல்ல மறந்திருந்தார்கள். அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தோத்துப்போனன். சிவதர்ஷன் நல்லாச் செய்வான். பிழையாச் செஞ்சா சொல்லிக் குடுப்பம். எனக்குப் போட்ட ஆக்கள் அவனோட கோவிக்கப்படாது. வீட்ட போய்ச் சண்டைபிடிக்கவும் படாது. அவ்வளவுதான்."

பேரின்பராசா எழுந்து நின்று கைதட்டினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. சேவையில் இத்தனை வருடமும் தோற்றவர்கள் மனு எழுதியதையே அவர் கண்டிருக்கிறார். ஒருவர் நன்றாகத் தோற்றதைக் கண்டது அன்றுதான். அன்று மாலையே, முன்மாதிரித் தோல்வியாளர் என்ற புதிய கருத்திட்டம் வலயப் பணிமனையில் பிறந்தது.

அதன்பிறகு கஜானி ஓயாமல் தோற்றாள். முதலில் அயல் பாடசாலைகளில் தோற்றுக் காட்டினாள். அங்கெல்லாம் ஒரு பிரதமரை அவர்களே வைத்திருப்பார்கள். வெள்ளை வாகனம் கஜானியைக் கொண்டுபோய் இறக்கும். அவள் முன்பின் தெரியாத பிள்ளையிடம் தோற்று, கைகுலுக்கி, பேசிவிட்டு வருவாள். பிறகு அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆலோசகரை நியமித்தார்கள். கை எங்கே இருக்க வேண்டும், நாடி எவ்வளவு உயர வேண்டும், எந்தச் சொல்லில் புன்னகைக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்தார். பிழையாச் செஞ்சா சொல்லிக் குடுப்பம் என்ற வசனத்தை முதல் நாளே வெட்டிவிட்டார்.

"கஜானியச் சயன்ஸ் பாடத்தில காணக் கிடைக்குதில்ல சேர்," என்றார் ஸஹீதா டீச்சர் ஒரு நாள், பாதையில் நின்றபடி. அவர் காத்தான்குடியிலிருந்து வருபவர், சுதாகரன் ஆரையம்பதியிலிருந்து. இருவரும் காலையில் ஒரே பாதையில்தான் வாவியைக் கடப்பார்கள். "இண்டைக்கும் வர மாட்டாவா?"

"இண்டைக்கு வலயப் போட்டி, டீச்சர். தோக்கப் போயிருக்கா."

"அமிலமும் காரமும் படிப்பிச்சி முடிஞ்சி. தவணைப் பரீட்சையிலயும் அப்பிடியே தோத்துட்டுப் போகட்டும்," என்றார் ஸஹீதா டீச்சர். சிரிக்கவில்லை. சுதாகரன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலய மட்டத் தோல்வி ஏற்புரைப் போட்டியில் நடுவர்கள் கஜானிக்கு முதலாம் இடம் கொடுத்தார்கள். அது ஒரு நிர்வாகச் சிக்கலை உண்டாக்கியது. நடுவர்களைப் பேரின்பராசா தனியறைக்குள் அழைத்தார். சுதாகரனும் பொறுப்பாசிரியர் என்ற முறையில் போய் நின்றார்.

"தோல்வியில் முதலாம் இடம் பெற்றவரை எப்படித் தோற்றவர் என்று அழைப்பது?" என்றார் பணிப்பாளர். "வென்ற ஒரு பிள்ளையை நான் எந்த முகத்தோடு மாகாணத்துக்கு அனுப்புவேன்? இவளை இரண்டாம் இடத்தில் போடுங்கள். அப்போதுதான் இவள் உண்மையாகவே தோற்றவள் ஆவாள். உண்மையாகத் தோற்றவரே மாகாணப் போட்டிக்குத் தகுதி உடையவர்."

முதலாம் இடம் நகரத்துப் பாடசாலை ஒன்றின் பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளை வென்றதால் அத்துடன் வெளியேற்றப்பட்டது.

சுதாகரன் அப்போது வாய் திறந்திருக்கலாம். ஆனால் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள்.

பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பேரின்பராசாதான் பிரதம அதிதி. பெண்களுக்கான நானூறு மீற்றர் ஓட்டத்தில் கஜானி ஓடினாள். அவளோடு ஓட அங்கே ஆளில்லை. அது ஊருக்கே தெரியும். கடைசி வளைவில் மற்றவர்கள் புழுதிக்குள் எங்கோ பின்னால் கிடந்தார்கள். கயிற்றுக்கு அண்மையில் வந்ததும் அவள் மெதுவாகி, நின்றாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. ஓரமாக விலகி, பின்னால் வந்த வகுப்புத் தோழி இர்ஷானாவுக்கு வழிவிட்டாள். இர்ஷானா கயிற்றை அறுத்ததும் கஜானி போய்க் கைகுலுக்கினாள். ஆலோசகர் கற்றுக்கொடுத்த உயரத்தில் நாடி இருந்தது.

"கஜானி, இப்பிடி எனக்கு வேணாம்," என்றாள் இர்ஷானா, அழுகிற குரலில். கஜானி புன்னகைத்தாள்.

பந்தலுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. "பாருங்கள்," என்றார் பேரின்பராசா ஒலிவாங்கியில். "பாடம் புத்தகத்திலிருந்து எழுந்து கால்களுக்குள் இறங்கிவிட்டது."

சுதாகரன் பந்தலுக்குப் பின்னால் போனார். அங்கே கஜானியின் தாய் வதனி நின்றிருந்தாள். அவரிடம் கதைக்கவென்றே வந்தவள் போலிருந்தது.

"சேர், ஒண்டு கேக்கட்டா. எண்ட பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறீங்க?"

"குடியியல், அக்கா."

"முந்தநாள் கடைக்குத் தேங்கா வாங்க அனுப்பின. பின்னால வந்த ஆக்களெல்லாம் வாங்கிப் போட்டாங்களாம். இவ வழி விட்டு விட்டு நிண்டிருக்கா. கடைசில தேங்கா முடிஞ்சிது. வெறுங்கையோட வந்தா." வதனி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அவ கோவிச்சா எனக்குப் பரவால்ல. ஏசினாலும் பரவால்ல. சிரிச்சிக்கொண்டு வாறா சேர்."

சுதாகரன் சட்டைப் பையிலிருந்த பேனையைச் சரிசெய்தார்.

"பவுசர் வந்தாலும் இப்ப வெளிய போறல்ல," என்றாள் வதனி. "சனம் அடிபடுது. கூப்பிட்டா, ஆரும் வெண்டவங்க வந்து செய்யட்டுமாம். மாகாணப் போட்டியெண்டு திருகோணமலைக்கு வேற கூட்டிப்போகப் போறீங்களாம். அதோட முடிஞ்சிருமா?"

"அதுக்குப் பிறகு கொழும்பு, அக்கா. தேசிய மட்டம்."

"அங்கயும் தோக்கோணுமா?"

"அங்கதான் பெரிய தோல்வி," என்றார் சுதாகரன். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது பேரின்பராசாவின் குரல் என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாள் அவர் விடுமுறை போட்டுவிட்டு வலயப் பணிமனைக்குப் போனார். வழியெல்லாம் வசனங்களைச் சொல்லிப் பார்த்தார். பிள்ளையை விடுங்கள், சேர். அவள் தலைவி, சேர். நான்தான் பிழை செய்தேன், சேர். பேசும்போது மேசையை ஒரு தடவை தட்டுவது என்றும் தீர்மானித்திருந்தார்.

பேரின்பராசா அன்போடு வரவேற்றார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சுதாகரன் மேசையைத் தட்டவும் செய்தார். பியோன் அதை அழைப்பு என்று நினைத்துத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது," என்றார் பணிப்பாளர். "அந்தப் பிள்ளை வெல்லப் பிறந்தவள் என்கிறீர்கள். இருக்கட்டும். வெல்லக்கூடியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். எல்லாரும் எங்களுக்குத் தொந்தரவு. இவ்வளவு ஒழுங்காகத் தோற்கக்கூடிய இன்னொருவரை எனக்குக் காட்டுங்கள். நல்ல குடிமகன் என்பவர் யார்? கேட்டால் விலகி நிற்பவர். கேட்காமலே விலகினால் அவர் சிறந்த குடிமகன். உங்கள் மாணவி அந்த நிலையை அடைந்துவிட்டாள். என்னால்கூட முடியாதது. போன வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்காதபோது நான் மூன்று நாள் சாப்பிடவில்லை."

"அவ பதினைஞ்சு வயசுப் பிள்ள, சேர்."

"அதுதான் கற்கும் வயது." பேரின்பராசா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "சரி. நான் கொடியவன் இல்லை. அவளை விட்டுவிடுகிறேன். பதிலுக்கு வேறொரு பிள்ளையைத் தாருங்கள். பெயரை இப்போதே சொல்லலாம்."

சுதாகரனின் மனதுக்குள் வாங்குகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிவதர்ஷன். இர்ஷானா. இடப்பக்கம் கேட்ட அந்தக் குறும்பன். ஒவ்வொருவரையும் புன்னகைக்க வைத்துப் பார்த்தார். ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"மற்றது," என்றார் பணிப்பாளர், "ஆரையம்பதிக்குக் கேட்ட உங்கள் இடமாற்றமும் என் மேசையில்தான் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பில்லை என்பதைத் தெளிவுபடுத்தத்தான் சொல்கிறேன்."

மின்விசிறி சுற்றியது. தேநீரில் ஆடை படர்ந்தது.

"சரி, சேர்," என்றார் சுதாகரன்.

திருகோணமலைக்குப் போகும் நாள் விடியற்காலையில் கஜானி துறையடியில் பையோடு நின்றாள். வெள்ளைச் சீருடை, எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. அக்கரையில் வாகனம் வந்து நின்றிருந்தது. பாதை இன்னும் அங்கிருந்து புறப்படவில்லை. முதல் பாதையில் இங்கே வந்திருந்த சுதாகரன் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ள, நான் பணிப்பாளர்ட்டப் போன. உன்ன விடச் சொல்லிக் கேட்ட."

"அம்மா சொன்னா, சேர்."

"அவர் ஓமெண்டு சொல்லல்ல. நானும் மறுகா ஒண்டும் கதைக்காம வந்திட்டன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்தக் கோபத்துக்காகத்தான் அவர் அவ்வளவு நேரமும் காத்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவளுடைய கண்ணில் ஓர் அக்கறை தெரிந்தது. பவுசரடியில் குடத்தோடு தடுமாறும் கிழவியைப் பார்க்கிற அக்கறை.

"கடைசியா என்ன சொன்னீங்க, சேர்?"

"சரி சேர் எண்டன்."

"எப்பிடி நிண்டு சொன்னீங்க?"

"இருந்துதான் சொன்ன. மேசையப் பாத்துக்கொண்டு."

"அதுதான்," என்றாள் கஜானி. "கீழ பாக்கப்படாது சேர். கீழ பாத்தா அது கனநாளைக்கு நோகும். முதல்ல எனக்கும் அப்பிடித்தான். கையக் கட்டாம விடுங்க. நாடிய உசத்துங்க. இவ்வளவு காணும்."

சுதாகரன் கைகளைத் தொங்கவிட்டார்.

"இப்ப சொல்லுங்க."

"வேண்டாம், பிள்ள."

"ஒருக்காச் சொல்லுங்க சேர். பழகோணும்."

எதிர்க்கரையில் பாதையின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. சுதாகரன் தண்ணீருக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை வாகனத்தின் பக்கத்தில் யாரோ கையசைத்தார்கள்.

"சரி, சேர்," என்றார்.

கஜானி தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு," என்றாள். "சிரிக்கிறதுதான் இன்னும் வரல்ல."